நஞ்சு என்று சொல்லக்கூடாது

சென்னகிருஷ்ணனுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வந்து இறங்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் வேலை. பத்து வருஷமாக அதைத்தான் செய்கிறான். பெட்டியின் மேல் ஐந்நூறு போல்ட் என்று எழுதியிருந்தால் நம்ப மாட்டான், எண்ணுவான். எண்ணிக்கை சரியாக இருந்தால் அதிலும் ஏதோ இருக்கிறது என்று இன்னொரு தடவை எண்ணுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலை, பாகலூர் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த மாத்ருபூரணி மகப்பேறு மையத்தில், ஏழு மாத வயிற்றோடு இருந்த மனைவி ஜெயப்ரியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்தொன்பது பக்கத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஜெயப்ரியாவின் அக்கா அனிதா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாமல்பட்டியில் பிள்ளை பெற்றாள். பெற்ற பிறகு நாலு மாதம் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை. பால் கொடுக்கச் சொன்னால் கொடுப்பாள், கண்ணை மட்டும் சுவரிலிருந்து எடுக்க மாட்டாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், சிரிக்கிறாள், பிள்ளையைத் திட்டுகிறாள். ஆனால் அந்த நாலு மாதத்தில் ஒருநாள் சென்னகிருஷ்ணன் அங்கே போய், அவள் சுவரைப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டான். அது அவனுக்குள் தங்கிவிட்டது.

மையத்தின் சேர்க்கைப் படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. ஜெயப்ரியா 'ஆம், அக்கா' என்று எழுதினாள். எழுதிய ஐந்தாவது நிமிஷம் அவர்களை வரிசையிலிருந்து பிரித்து ஏசி போட்ட தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். கேட்காமலே குடிக்கத் தண்ணீர் வந்தது. முதல் சந்தேகம் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோதே அவனுக்கு வந்தது.

அறையில் எஸ்லின் என்ற பெண் இருந்தாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். கழுத்து அட்டையில் 'கொடி ஒருங்கிணைப்பு அலுவலர்' என்று போட்டிருந்தது.

"சார், குழந்தை பொறந்ததும் பின்னாடியே ஒண்ணு வரும், கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"நஞ்சா?"

எஸ்லின் எழுந்து போய் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். "அந்த வார்த்தைய வளாகத்துக்குள்ள சொல்லக்கூடாது சார். அமுது. அமுதக்கொடின்னு சொல்லணும்."

சென்னகிருஷ்ணன் பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். தமிழில் அதை நஞ்சு என்கிறார்கள். கன்னடத்தில் கச என்பார்கள், குப்பைக்கும் அதே சொல்தான். தெலுங்கில் மாயா. மூன்று மொழிக்காரர்களும் அதற்கு நல்ல பெயராக ஒன்று வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த மையம் வந்திருக்கிறது போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"அமுதைக் காயவச்சு, பொடிச்சு, மாத்திரைக் கூட்டுல அடைச்சு அம்மாவுக்கே திருப்பிக் குடுத்திருவோம் சார். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மனச்சோர்வு வராது. பால் ஊறும். முடி கொட்டாது."

"எப்படி வராது?"

"வராதுங்கறது எங்க அனுபவம்."

"எத்தனை வருஷ அனுபவம்?"

"மார்ச்சுலேர்ந்து சார்."

அது ஜூன் மாதம்.

பிரசவம் பார்க்கும் லேடி டாக்டரிடம் கேட்டுப் பார்த்தான். அவர் ஜெயப்ரியாவின் வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே, "அது எங்க பிரிவு இல்லீங்க. அதப் பத்தி நல்லதாவும் பேசக்கூடாது, கெட்டதாவும் பேசக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க" என்றார். பிறகு மெதுவாக, "சத்துள்ளதா சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க" என்று வயிற்றுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் ஜெயப்ரியாவைக் கேட்டான். "உனக்கு வேணுமா அது?"

"உங்களுக்கு எது நிம்மதியோ அதச் செய்யுங்க" என்றாள் அவள்.

வேண்டும் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மையத்துக்குப் போனார்கள். மூன்று திட்டங்கள் இருந்தன. வெண்முத்துத் திட்டத்தில் மாத்திரை மட்டும். பொன்முத்தில் மாத்திரையோடு வெல்வெட் பெட்டி. நவமுத்தில் கொடியின் ஒரு துண்டை வளைத்துக் காயவைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, அதற்கென்று தனியாக ஜாதகம் கணித்துக் கொடுப்பார்கள். சென்னகிருஷ்ணன் நடுவில் உள்ளதை எடுத்தான். முப்பத்தெட்டாயிரம். ரசீதில் 'உடன் தங்கியவர் கட்டணம்' என்று போட்டிருந்தது.

"யாரு தங்கினாங்க?"

"அந்தப் பேர்ல போட்டா இன்சூரன்ஸ்ல கேள்வி வராது சார். அதுவும் உள்ள ஒன்பது மாசம் தங்கினதுதானே?"

படிவங்களில் ஒன்று, பயணத்தின்போது கொடிக்கு எந்த மொழியில் தாலாட்டுப் போட வேண்டும் என்று கேட்டது. தமிழ், கன்னடம், தெலுங்கு, வெறும் வீணை என்று நாலு கட்டங்கள்.

"அதுக்குக் காது ஏதுங்க?" என்றான் சென்னகிருஷ்ணன்.

எஸ்லின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பதில் குடுக்கல சார். வீணைன்னு போட்ருங்க. பெரும்பாலும் எல்லாரும் அதான் போடுவாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களுக்குப் பயிற்சி வகுப்பு. ஏழு பேர் வந்திருந்தார்கள். நாலு பேர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். வகுப்பு எடுத்தவர் மையத்தின் இயக்குநர் டாக்டர் வெள்ளைச்சாமி. நல்ல உயரம், நல்ல குரல்.

"நான் டாக்டர்தான். ஆனா நோயாளியத் தொட மாட்டேன். என் பட்டம் நிர்வாகத்துல" என்று ஆரம்பித்தார். "பர்கூர்ல பாறைய வெட்டி வெளிநாட்டுக்கு விக்கறோம். கிருஷ்ணகிரியில மாங்காயக் கூழாக்கி டின்ல அடைச்சு விக்கறோம். ஆனா நம்ம மாவட்டத்துல தினம் தினம் பொறக்கற இந்தச் செல்வம் மட்டும் ஒருத்தருக்கும் ஒரு பைசா லாபமில்லாம மண்ணுக்குப் போகுது. அத நினைச்சு நான் அழுதிருக்கேன். உண்மையா அழுதிருக்கேன். அழுதுட்டுத்தான் லோனுக்கு அப்ளை பண்ணினேன்."

தூங்காமலிருந்த மூன்று பேரும் கை தட்டினார்கள். சத்தத்தில் எழுந்த நாலு பேரும் தட்டினார்கள். எல்லோருக்கும் 'கொடிப் பாதுகாவலர்' என்று சான்றிதழும் கழுத்தில் மாட்ட அட்டையும் கொடுத்தார்கள். கொடியின் நலனுக்கும், அதன் பயனைப் பெறும் தாயின் மனநிலைக்கும் பாதுகாவலரே பொறுப்பு என்று சான்றிதழின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. சென்னகிருஷ்ணன் அதைப் படித்தான். படிக்கும்போது கையெழுத்துப் போட்டு முடிந்திருந்தது.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பிரசவ அறைக் கதவு திறந்தது. வெளியே அவனும், சாமல்பட்டியிலிருந்து தன் பிள்ளையோடு வந்திருந்த அனிதாவும் நின்றார்கள். பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வாழ்த்துகள் சார். ஐந்நூத்திப் பத்து கிராம். நல்ல வட்டம்."

அரைக் கிலோவில் பிள்ளை பிழைக்காது என்று சென்னகிருஷ்ணனுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அனிதாதான் கேட்டாள். "கொழந்தைக்கு மூச்சு இருக்குதாங்க?"

"கொழந்தையா? அது வேற பிரிவுங்க. அவங்க வந்து சொல்வாங்க" என்றாள் நர்ஸ். "நான் அமுதச் சொன்னேன்."

வேறு பிரிவு வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம், தாயும் சேயும் நலம் என்று வேறு நிற உடுப்புப் போட்ட இன்னொரு நர்ஸ் வந்து சொன்னாள். அதற்குள் அவனுடைய போனுக்குக் கொடியின் போட்டோ மூன்று கோணத்தில் வந்து சேர்ந்திருந்தது. அடையாள எண்ணும் வந்தது. மகளுக்குப் பெயரே வைக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு வழியனுப்பு நிகழ்ச்சி. தாமரைப் படம் போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்றை அவன் கையில் கொடுத்து, லிப்டிலிருந்து வாசலில் நிற்கும் வண்டி வரைக்கும் பாதுகாவலர் நடந்து கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஸ்பீக்கரில் வீணை போட்டார்கள். எஸ்லின் வீடியோ எடுத்தாள். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு வண்டி போகும், மாநில எல்லையைத் தாண்டுவதால் அதற்குத் தனியாக ஒரு ஒப்புதல் கடிதம் என்று அதிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

அவன் நடந்தான். பத்து வருஷம் சரக்கைத் தூக்கிப் பழகிய கை அவனுக்கு. பெட்டியின் எடை அந்தக் கைக்கு ஒத்துவரவில்லை. ஐஸ் இருக்கிறது, சரி. ஐஸைத் தவிர வேறு எதுவும் இருப்பதாக அந்தக் கை சொல்லவில்லை.

"ஒரு தடவ திறந்து பாக்கலாமா?"

"சீல உடைச்சா அதுக்கப்புறம் பொறுப்பு உங்களுது சார்" என்றாள் எஸ்லின்.

ஜெயப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அனிதா இருந்தாள். வண்டி கிளம்பியதும் சென்னகிருஷ்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். வண்டி பாகலூர் ரோட்டை விட்டு நெடுஞ்சாலையில் ஏறி, பெங்களூர்ப் பக்கம் திரும்பியது. லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஜூஜுவாடி போய்ச் சேர்ந்தது. எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையோரம் நின்றது. டிரைவர் இறங்கி டீ சொன்னான். பஜ்ஜி சொன்னான். போனில் ஒரு படத்தைப் பாதிவரை பார்த்தான். முக்கால் மணி நேரம் கழித்து வண்டியைத் திருப்பினான்.

சென்னகிருஷ்ணன் குறுக்கே போய் நின்றான். "ஏங்க, பார்டர் தாண்டலியா?"

"இல்லீங்க. ட்ரிப் ஷீட்ல பார்டர் வரைக்கும்தான். இங்க வந்து நின்னேன்னு ஜிபிஎஸ்ல காட்டணும், அவ்ளோதான்."

"உள்ள இருக்கறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. பெட்டியத் திருப்பிக் குடுத்துடுவேன். நாளைக்கு வேற ஒருத்தருக்கு வேணும்ல?"

மறுநாள் அவன் எஸ்லினிடம் கேட்டான். அவள் மையம் எழுதிக்கொடுத்த பதில் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வண்டி எல்லை வரைக்கும்தான் சார். அதுக்கப்புறம் டிஜிட்டலாப் போகும்."

"சதை எப்படிங்க டிஜிட்டலாப் போகும்?"

அவள் அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எட்டாம் நாள் மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. சிவப்பு வெல்வெட் பெட்டி, உள்ளே பழுப்பு நிற மாத்திரைகள் நூற்றெண்பது. ஜெயப்ரியா வாங்கி அன்று மாலையே இரண்டு போட்டுக்கொண்டாள். சென்னகிருஷ்ணன் அவள் விழுங்குவதைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். அவனுக்குப் பெட்டியின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் முக்கியம். கவிழ்த்தான். சின்ன ஸ்டிக்கரில் தயாரிப்புத் தேதி ஆகஸ்ட் ஒன்பது என்று இருந்தது.

குழந்தை பிறந்தது இருபத்தொன்று.

வேறு யார் வீட்டுச் சதையையாவது இவள் விழுங்கிவிட்டாளோ என்று பயந்தான். சமையலறைக்குப் போய் ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினான். மோந்து பார்த்தான். நாக்கில் வைத்தான். சின்ன வயதிலிருந்து களியாகவும் கூழாகவும் தினமும் தின்று வளர்ந்த ருசி அது. ராகி. வறுத்து அரைத்த ராகி மாவு. வேறு எதுவும் இல்லை. நாலைந்து மாத்திரையைப் பிரித்துப் பார்த்தான், எல்லாம் ராகி.

பயம் போனது. அது போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

அடுத்த நாள் மையத்தின் பின்பக்கம் போனான். அங்கே துப்புரவு வேலை பார்க்கும் சாந்தம்மா வாளி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாள் போனில் பேசும்போது தெலுங்கு என்று கவனித்து வைத்திருந்தான். தெலுங்கிலேயே கேட்டான்.

"மாயாவா? அது அன்னைக்கே போயிருக்கும் அண்ணா" என்றாள் சாந்தம்மா. "மஞ்சப் பையில போட்டுக் கட்டி வெப்போம். கழிவு எடுக்கற வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடும்."

"பணம் கட்டினவங்கதுமா?"

"கட்டினவங்க, கட்டாதவங்க எல்லாருதும் ஒரே பைதான். இதுல நாங்க பேதம் பாக்க மாட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டினவங்க பையில மட்டும் ஒரு தாமரை ஸ்டிக்கர் ஒட்டுவோம்" என்றாள்.

டாக்டர் வெள்ளைச்சாமி அவனை உடனே பார்த்தார். குறை கேட்பதில் மையம் முதலிடம் என்று அவர் அறையில் ஒரு கேடயம் இருந்தது. அதைக் கொடுத்ததும் அதே மையம்தான் என்று கீழே எழுதியிருந்தது. சென்னகிருஷ்ணன் பெட்டியைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தான்.

"பன்னெண்டு நாள் முன்னாடி எப்படிங்க?"

டாக்டர் வெள்ளைச்சாமி தேதியை ரசித்துப் பார்த்தார். "நீங்க சிப்காட்டுதானே? உங்க கம்பெனியில சரக்கு சொன்ன நேரத்துக்கு வந்தா பாராட்டுவீங்க இல்ல? நாங்க சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வச்சிருக்கோம். இதுக்குப் புகார் குடுக்கற மொத ஆள் நீங்கதான்."

"இதுல இருக்கறது ராகிங்க."

"நீங்க ராகிங்கறீங்க. நாங்க கேரியர்ங்கறோம். எந்த மருந்தும் தானா உள்ள போகாது சார், ஒண்ணு அதச் சுமந்துட்டுப் போகணும்."

"சரி, சுமக்கற மருந்து எங்க?"

"இடம் இல்ல சார். கூட்டுக்குள்ள கேரியரே நிறைஞ்சுடுச்சு." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மனசு விட்டுப் பேசறேன். நாங்க யாரையும் ஏமாத்தல. ஏமாத்தறதுன்னா மறைச்சுச் செய்யறது. நாங்க பதினேழாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கோம். மாத்திரையிலுள்ள பொருள் குறியீட்டு அளவில் கொடியைக் குறிக்கும். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நிஜமாவே கொடியக் காயவச்சுப் பொடிச்சா என்ன ஆகும்னு நினைச்சீங்களா? கிருமி இருக்கும். நாறும். சட்டம் விடாது. அந்த மாதிரி தப்பான காரியத்த இந்த நிர்வாகம் எந்தக் காலத்துலயும் செய்யாது. அதுல நாங்க கறாரு."

சென்னகிருஷ்ணனுக்கு எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகத்தான் இருந்தது.

"பணத்தத் திருப்பிக் குடுங்க. இல்லாட்டி வெளிய சொல்லுவேன்."

"சொல்லுங்களேன். யார்கிட்ட மொதல்ல சொல்லுவீங்க? உங்க சம்சாரத்துகிட்டயா?" டாக்டர் வெள்ளைச்சாமியின் குரல் கனிந்தது. "அந்தப் பொண்ணுக்குக் குடும்பத்துல இந்தக் கோளாறு உண்டு. படிவத்துல இருக்கு. இப்ப நல்லாச் சிரிச்சுட்டு இருக்கா. இது மாயம்னு நீங்க போய்ச் சொல்லி அவ மனசு உடைஞ்சா பொறுப்பு யாரு? பாதுகாவலர். சான்றிதழ்ல பாருங்க, பின்பக்கம்."

அவர் மணியடித்து எஸ்லினைக் கூப்பிட்டு, "சாருக்குத் தந்தைவழி நம்பிக்கைக் குறைபாடு. பைல்ல குறிச்சுக்கோ" என்றார். எஸ்லின் குறித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், அப்பாக்களுக்கென்று பித்ருமுத்து என்ற மாத்திரை தனியாக வருவதாகவும், புகார் கொடுத்தவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

அவன் ஜெயப்ரியாவிடம் சொல்லவில்லை. ராகி உடம்புக்கு நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பெட்டியை மட்டும் விட முடியவில்லை. ஷிப்டிலிருந்து வந்ததும் மாத்திரைகளை எண்ணுவான். இரண்டு குறைந்திருக்கிறதா, நாலா என்று பார்ப்பான். கம்பெனியிலிருந்து சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து சிலதை எடைபோட்டான். ஒன்றுக்கொன்று எடை ஒத்துவரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தான். அவள் தாலாட்டுப் பாடுவது பக்கத்து அறையிலிருந்து கேட்கும். நல்லாத்தான் இருக்கிறாள், ராகி என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவன் திரும்ப எண்ணுவான்.

நாற்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மையத்தின் மாடி அரங்கில் அமுதத் திருநாள் என்று ஒரு விழா. பலன் பெற்ற தாய்மார்கள் மேடையில் அனுபவத்தைச் சொல்வார்கள். குடும்ப வரலாறு இருந்தும் நலமாக இருக்கும் தாய் என்று ஜெயப்ரியாவைத் தனியாக அழைத்திருந்தார்கள். சென்னகிருஷ்ணன் போக வேண்டாம் என்றான். ஏன் என்று அவள் கேட்டாள். போனார்கள்.

நாற்பது தாய்மார்கள், மடியில் குழந்தைகள், பின் வரிசையில் அட்டை மாட்டிய அப்பாக்கள். டாக்டர் வெள்ளைச்சாமி அரை மணி நேரம் பேசினார். பிறகு ஜெயப்ரியாவைக் கூப்பிட்டார்கள். அவள் குழந்தையைச் சென்னகிருஷ்ணன் மடியில் வைத்துவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தாள். அவன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் குழந்தை விழித்துக்கொண்டது.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் சாமல்பட்டி. எங்க வீட்ல ரெண்டு வேளை ராகிதான், அதனால எனக்கு ராகி நல்லாத் தெரியும். இந்த மாத்திரைய மொத நாள் வாயில போட்டதும் கூடு நாக்குலயே கரைஞ்சுடுச்சு. ராகிங்க. வறுத்த ராகி. ஆனா கொஞ்சம் தீஞ்சிருக்கு. அடுப்பக் கொறச்சு வச்சு வறுத்தா நல்லாருக்கும். அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

இரண்டாம் வரிசையில் ஒருத்தி கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கடித்தாள். "ஆமாங்க, ராகிதான்." பின்னாலிருந்து ஒருத்தி, "என்னுது பொட்டுக்கடல" என்றாள். "நான் நவமுத்துல்ல கட்டினேன்? எனக்கும் ராகிதானா?" என்று இன்னொருத்தி புருஷனைத் தேடி எழுந்து நின்றாள்.

டாக்டர் வெள்ளைச்சாமி எழுந்து வந்தார். ஜெயப்ரியாவின் கையிலிருந்து மைக்கை மரியாதையாக வாங்கினார். சென்னகிருஷ்ணன், இதோ முடிந்தது என்று நினைத்தான்.

"பாத்தீங்களா!" என்றார் டாக்டர் வெள்ளைச்சாமி. கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு தாயோட நாக்குகிட்ட எதையும் ஒளிக்க முடியாதுன்னு நான் நிர்வாகக் கூட்டத்துலயே சொன்னேன். கடைசியாச் சொல்லலாம்னு வச்சிருந்த அறிவிப்ப இந்தத் தங்கை முந்திக்கிட்டாங்க. ஆமாம். இன்னையிலேர்ந்து நம்ம மையம் சிறுதானிய அமுதுக்கு மாறுது! ராகி, சாமை, தினை, உங்க குலத்துக்கு எது ஒத்துக்குமோ அது. ஏற்கனவே கட்டினவங்க வித்தியாசத் தொகைய மட்டும் கட்டினாப் போதும். கவுண்டர் பின்னாடி இருக்கு."

முதலில் ஊழியர்கள் தட்டினார்கள். பிறகு எல்லோரும். நவமுத்துக்காரி சாமை உண்டா என்று கேட்டுக்கொண்டே கவுண்டர் பக்கம் போனாள். ஜெயப்ரியாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எஸ்லின் போர்த்தும்போது அவள் காதில், "ரொம்ப நன்றிக்கா" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

வெளியே வந்து ரோட்டோர இளநீர் வண்டியில் நின்றார்கள். குழந்தை அவன் தோளில் இருந்தது. சென்னகிருஷ்ணன் கேட்டான்.

"மொத நாளே தெரியுமா உனக்கு?"

"ம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவன் இளநீரைக் குடித்தான்.

"பாப்பா பொறந்த நாள்லேர்ந்து என் மொகத்தையே பாத்துட்டிருந்தீங்க" என்றாள் ஜெயப்ரியா. "பேசினா ஏன் இவ்ளோ பேசறான்னு பாப்பீங்க. பேசாட்டி ஏன் பேசலன்னு பாப்பீங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாக்கூட எட்டிப் பாப்பீங்க. அந்தப் பெட்டி வந்துச்சு. என்ன விட்டுட்டு அதப் பாக்க ஆரம்பிச்சீங்க. அப்பறந்தான் என்னால மூச்சு விட முடிஞ்சது."

"அப்ப உனக்கு ஒண்ணுமே இல்லல்ல?"

"இருந்துச்சு." அவள் ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பத்தாம் நாள் மத்தியானம் பாப்பா அழுதா. எனக்குத் தூக்கணும்னே தோணல. பக்கத்து வீட்டுப் பாப்பா அழற மாதிரி இருந்துச்சு. தொணைக்கு வந்து தங்கியிருந்த அக்காகிட்டச் சொன்னேன். அடுத்த நாளே பஸ் ஏத்திக் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அக்காவப் பாத்த அதே டாக்டரம்மா. உக்காரவச்சு ஒரு மணி நேரம் பேசினாங்க, மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அஞ்சு செவ்வாக்கெழமை போய்ட்டு வந்துட்டேன். நீங்க ஷிப்டுல இருந்தீங்க."

அந்த மாத்திரை சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்ததாம். ஒளித்து வைக்கக்கூட இல்லையாம். அவன் வெல்வெட் பெட்டியை எண்ணுவதற்கு விளக்குப் போடும்போதெல்லாம் அது அவன் தலைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது.

"இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

"பரவால்ல. இன்னும் கொஞ்ச நாள் போகணும்."

"அடுத்த செவ்வாக்கெழம நான் லீவு போடறேன்."

"சும்மா கூட வர்றதுன்னா வாங்க. என்னச் செக் பண்ணாதீங்க."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, "முப்பத்தெட்டாயிரம் வீணாப் போச்சு" என்றான்.

"வீணா எங்க போச்சு?" என்றாள் ஜெயப்ரியா, அவன் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டே. "நல்லாத்தான் வேலை செஞ்சுது. உங்களுக்கு."